மாரடைப்புக்குப் பிறகு தசையில் எவ்வளவு மிச்சம்? ரிவர்ஸ்டன் பாதையிலிருந்து சீ.டி. ஸ்கேன் அறை வரை

மாரடைப்பு வந்து, அடைபட்ட நாடி திறக்கப்பட்டு, நோயாளி வாட்டில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபின் வைத்தியர்களின் மனத்தில் ஓடுவது வேறொரு கேள்வி. இதயத் தசையில் எவ்வளவு போய்விட்டது, எவ்வளவு மிச்சம்? என்ன மருந்து, பைபாஸ் சத்திரசிகிச்சை வேண்டுமா, நோயாளி பழையபடி தோட்டத்து வேலைக்கு மேடேறிப் போகலாமா என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்தவை. இதயத்துக்குச் சீ.டி. ஸ்கேன் என்றால் நாடிக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் படம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதே இயந்திரமும் அதே அயடீன் மருந்தும் போதும். இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்து இரண்டாவது படம் எடுத்தால், அந்த நாடி ஊட்டும் தசையின் நிலையையும் அது காட்டிவிடும்.

முதலில் தசை எப்படிச் சாகிறது என்று பார்க்க வேண்டும். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடி ஒன்று திடீரென்று அடைபட்டால், அது ஊட்டும் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் இறப்பதில்லை. சாவு உள்பக்கத்தில் தொடங்குகிறது. இடது கீழறையின் உள்சுவரை ஒட்டிய தசைக்கு அழுத்தம் அதிகம், இரத்தம் வந்து சேருவதும் கடைசியில். அங்கே தொடங்கி வெளிப்பக்கத்தை நோக்கி ஓர் அலைபோல் அது பரவுகிறது. 1977-இல் அமெரிக்காவில் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் இதை அளந்து காட்டினார்கள். நாடியை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது ஆபத்திலிருந்த சுவரின் தடிப்பில் சுமார் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. மனித இதயத்தில் பக்கவழி நாடிகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உள்ளிருந்து வெளியே என்ற திசை மாறுவதில்லை. ஸ்கேன் படத்தை வாசிப்பவருக்கு மிகவும் கைகொடுக்கும் உண்மை இதுதான். கீழே மறுபடியும் வரும்.

இந்த மணிக் கணக்கை மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். நக்கிள்ஸ் மலைத்தொடரில், மாத்தளை நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ரிவர்ஸ்டன். பயணிகளுக்கு அது காற்றும் மூடுபனியும் உள்ள இடம். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம், கொஞ்சம் இறங்கினால் பிட்டவல பத்தன புல்வெளி. அந்தப் பக்கம் குடியிருப்போருக்கோ அது தாண்டியாக வேண்டிய கணவாய். இலுக்கும்புர பக்கமிருந்து மாத்தளைக்கு இந்த வழியால் வரும் பஸ்ஸும் அம்புலன்ஸும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ரிவர்ஸ்டனைக் கடந்து, ஏலமும் மிளகும் தேயிலையும் விளையும் சரிவுகளில் ரத்தோட்டைக்கு இறங்கி, பிறகுதான் நகரத்துக்குள் நுழைய வேண்டும். அடைமழைக் காலத்தில் மண்சரிவும் பனிமூட்டமும் சேர்ந்தால் 30 கிலோமீட்டர் என்ற கணக்குக்குப் பொருளே இல்லை. இந்த இடத்தின் உயரம் இதயத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. தூரம்தான் தசையைத் தின்கிறது.

மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி (ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டெப்லேஸ்) கொடுக்கப்படும். வயரை நாடிக்குள் செலுத்திப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கும் அறைக்கு இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் போய்க் கண்டியை அடைய வேண்டும். 2016-இல் இந்திய அரசின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது. மலைப்பாதையின் வளைவுகளை அதனால் நிமிர்த்த முடியாது. தமிழ்நாட்டில் இதே சிக்கலுக்குக் கோவையைச் சேர்ந்த இருதய மருத்துவர்கள் முன்னின்று ஒரு வழி பார்த்தார்கள். சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு கோத்து, முதலில் கரைக்கும் ஊசி, பிறகு ஆஞ்சியோ என்ற ஒழுங்கை உண்டாக்கினார்கள். 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியிருந்தது. நேரம் மிச்சமானால் தசை மிச்சமாகும், தசை மிச்சமானால் ஆள் மிச்சம்.

நேரம் வீணாகிப் பிழைத்து வந்தவர்களிடம்தான் "எவ்வளவு மிச்சம்" என்ற கேள்வி கூர்மையாகிறது. ஒரு மணி நேரத்துக்குள் நாடி திறக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் எக்கோ பரிசோதனை போதும். எட்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு எக்கோவில் சுவரின் ஒரு பகுதி அசையாமல் தெரியும். அந்த அசையாத தசை மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று, செத்துத் தழும்பாகி வருவது. இரண்டாவது, இரத்தம் திரும்பிய பின்னும் அதிர்ச்சியில் செயலிழந்து கிடந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக எழுவது. மூன்றாவது, நாடி இன்னும் குறுகியிருப்பதால் கிடைக்கும் கொஞ்ச இரத்தத்துக்கு ஏற்பத் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்திருப்பது. மூன்றும் எக்கோவில் ஒரேமாதிரி அசையாமல் நிற்கும். தசை உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்க்க அதன் அசைவை விட்டு அதன் இழையத்துக்குள் போக வேண்டும்.

சீ.டி. இயந்திரம் உள்ளே போவது அடர்த்தியின் வழியாக. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபர் 1 அன்று, இலண்டனில் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில். அன்று எடுத்தது மூளையின் படம். 1979-இல் அவருக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரம் ஓர் எண் கொடுக்கும். அந்த அலகு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்குகிறது. தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100-ஐ ஒட்டி, மருந்து ஏற்றாத இதயத் தசை 40 முதல் 50 வரை. செத்த தசைக்கும் உயிருள்ள தசைக்கும் இந்த எண்ணில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே வெறும் படத்தில் புதிய மாரடைப்பு பெரும்பாலும் தெரியாது. வேறுபாட்டைக் கொண்டுவருவது அயடீன்.

அது எப்படி? நாளத்தில் செலுத்தும் அயடீன் மருந்து இரத்தக் குழாய்க்குள்ளும் கலங்களுக்கு இடையிலுள்ள வெளியிலும் உலவும். ஆரோக்கியமான கலத்துக்குள் நுழையாது. நல்ல இதயத் தசையில் கலங்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், அயடீனுக்குக் கிடைக்கும் இடம் மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். மாரடைப்பில் கலம் செத்ததும் அதன் மென்சவ்வு கிழிகிறது. அயடீன் உள்ளேயும் புகுந்துவிடுகிறது. வாரங்கள் கழித்துக் கலங்கள் அகற்றப்பட்டு அந்த இடம் தழும்பாகும்போது, நார்களுக்கு நடுவே வெற்றிடம் நிறைய. அங்கும் அயடீனுக்கு இடம் தாராளம். புதிய சாவானாலும் பழைய தழும்பானாலும் விளைவு ஒன்றே: அதிக அயடீன் தங்கும், மெதுவாகத்தான் வெளியேறும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பாதை காய்ந்துவிடும், குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படம் அந்தக் குழிகளைத்தான் தேடுகிறது.

இப்படி இரண்டு நேரங்களில் இரண்டு படங்கள். இரண்டும் நேர் எதிரான சேதி சொல்லும். மருந்து நாடிக்குள் பாயும் முதல் அரை நிமிடத்தில் எடுக்கும் படத்தில் இரத்தம் வந்து சேராத தசை கறுப்பாகத் தெரியும். பத்து நிமிடம் கழித்து எடுக்கும் தாமதப் படத்தில் அதே இடம், செத்திருந்தால், சுற்றிலும் உள்ள தசையைவிட வெளுத்துத் தெரியும். அதனால் 'கறுப்பு' 'வெள்ளை' என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. எந்த நேரத்துப் படம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளியின் உறவினர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

விலங்குகளின் இதயத்தில் இந்த வெளுப்பு 1970-களின் கடைசியிலேயே தெரிந்தது. ஆனால் ஒரு சுற்றுக்குப் பல விநாடி எடுத்த அன்றைய இயந்திரத்தில் துடிக்கும் இதயம் மங்கலாகத்தான் விழும். ஈ.சீ.ஜீ. துடிப்போடு இணைத்துப் படமெடுக்கும் பலவரிசை இயந்திரங்கள் 1990-களின் இறுதியில் வந்தன. 2004 வாக்கில் 64 வரிசை வந்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. 2006-இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் லார்டோ குழுவினர், தாமதப் படத்தில் தெரியும் வெளுப்பும் இதயத்தை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்த சாவின் அளவும் பொருந்துவதை விலங்குகளில் காட்டினார்கள். 2007-இல் பிரான்ஸில் ஒரு குழு இன்னும் சுருக்கமான வழியைச் சோதித்தது. ஸ்டென்ட் வைக்கும்போதே நாடிக்குள் அயடீன் நிறையப் போயிருக்கிறதே, நோயாளியை அங்கிருந்து நேரே சீ.டி. மேசைக்குக் கொண்டுபோனால் புதிதாக மருந்தே வேண்டாம் அல்லவா? செத்த தசை ஏற்கெனவே வெளுத்துக் காத்திருக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனை. அவசர நோயாளியை அந்த நேரத்தில் இன்னோர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற காரியமில்லை என்பதால் அது வழக்கமாகவில்லை.

ஸ்கேன் அறையில் நடப்பதைக் கிட்டப் பார்க்கலாம். முழங்கை மடிப்பில் சற்றுப் பருத்த ஊசிக்குழாய் ஒன்று ஏற்றப்படும். மருந்து விநாடிக்கு 5 மில்லிலீட்டர் வேகத்தில் போக வேண்டியிருப்பதால் புறங்கையில் போடும் மெல்லிய ஊசி தாங்காது. மார்பில் ஈ.சீ.ஜீ. பொத்தான்கள். துடிப்பு நிமிடத்துக்கு 65-க்கு மேல் இருந்தால் மெட்டோப்ரோலோல் போன்ற மாத்திரையோ ஊசியோ கொடுத்து இறக்குவார்கள். ஆனால் மாரடைப்பால் பலவீனப்பட்ட இதயத்தில் இந்த மருந்தை அளந்துதான் கொடுக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தவருக்குக் கொடுக்கவே யோசிப்பார்கள். நாடி விரிய நாக்கின் அடியில் நைட்ரேட். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிலீட்டர் அயடீன் மருந்து போகும், பின்னாலேயே உப்புநீர். மருந்து பாயும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி பயந்து அசைவார், படம் கெடும்.

மூச்சு விஷயமும் அப்படித்தான். "ஐயா, மூச்ச இழுங்க… அப்படியே பிடிச்சுக்கங்க… இப்ப விடுங்க" என்பதைப் படம் எடுப்பவர் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் மத்திய மலைநாட்டில் இது சின்ன விஷயமில்லை. விலை உயர்ந்த இயந்திரம் தோற்றுப்போவது பல சமயம் பிடிக்காத மூச்சினால்தான்.

முதல் படம் முடிந்ததும் நோயாளி மேசையிலேயே படுத்திருப்பார். ஏழு முதல் பத்து நிமிடம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு மருந்து எதுவும் ஏற்றாமல் இரண்டாவது படம். இதற்கு எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 80 கிலோவோல்ட் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். அயடீன் எக்ஸ்ரேயைத் தடுக்கும் திறன் 33 கிலோ எலக்ட்ரோன்வோல்ட்டுக்குச் சற்று மேலே திடீரென்று கூடும். மின்னழுத்தம் குறைந்தால் கதிர்களின் ஆற்றல் அந்த எல்லையை நெருங்கும், கொஞ்ச அயடீனும் பளிச்சென்று தெரியும். பருத்த உடம்புக்கு இது ஒத்துவராது. கதிர் உள்ளே போகாமல் படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும்.

இனிப் படத்தை வாசிப்பது. கதிரியக்க வைத்திய நிபுணர் இதயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் வளையம் வளையமாகத் திருப்பி வைப்பார். 2002-இல் அமெரிக்க இதயச் சங்கம் வகுத்த முறையில் இடது கீழறையின் சுவர் 17 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் எந்த நாடியின் பொறுப்பு என்பது ஓரளவுக்குத் தெரியும். தாமதப் படத்தில் வெளுத்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் இடையில் சில பத்து அலகுகள்தான் வித்தியாசம். அதனால் மெல்லிய துண்டங்களைச் சேர்த்து எட்டு, பத்து மில்லிமீட்டர் தடிப்பாக்கி, சாம்பல் நிறத்தின் வீச்சையும் குறுக்கித்தான் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாமல் நாடி பார்க்கும் அமைப்பிலேயே பார்த்தால் கண்முன் இருக்கும் சாவுகூடத் தப்பிவிடும்.

வெளுப்பு எங்கே என்பதைவிட அது சுவரின் எந்த அடுக்கில் என்பது முக்கியம். மாரடைப்பின் வெளுப்பு உட்சுவரில் தொடங்கும். மேலே சொன்ன அலை இங்கே உதவுகிறது. சுவரின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ மட்டும் வெளுத்து, உட்பக்கம் தப்பியிருந்தால் அது மாரடைப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. வைரஸ் தாக்கிய தசை அழற்சியையோ வேறு தசை நோயையோ தேட வேண்டும். நெஞ்சுவலி, ஈ.சீ.ஜீ. மாற்றம், இரத்தத்தில் ட்ரோபோனின் உயர்வு எல்லாம் இருந்தும் நாடியில் அடைப்பே இல்லாத இளவயதினர் வருவதுண்டு. அவர்களிடத்தில் இந்த ஒரு வேறுபாடு சிகிச்சையையே மாற்றிவிடும்.

அடுத்தது ஆழம். வெளுப்பு சுவரின் கால் பங்கு வரை என்றால், நாடியைச் சரிசெய்தபின் அந்தப் பகுதி மீண்டும் அசையும் நம்பிக்கை உண்டு. பாதிக்கு மேல் போனால் நம்பிக்கை குறைவு. முக்கால் பங்கைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. இந்த அளவுகோல் 2000-ஆம் ஆண்டில் ரேமண்ட் கிம் குழுவினர் எம்.ஆர்.ஐ. வைத்துக் கண்டது, சீ.டி. அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

சில நோயாளிகளில் வெளுத்த பகுதியின் நடுவே ஒரு கறுப்புத் தீவு தெரியும். பெரிய நாடி திறந்த பிறகும், உள்ளேயுள்ள மயிரிழைக் குழாய்கள் வீங்கியும் நொறுங்கியும் அடைபட்டிருப்பதால் அயடீன்கூட அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நாடி திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவரின் நினைப்பைக் கலைக்கும் அடையாளம் இது. நேரம் கழித்து வந்து சேரும் நோயாளிகளில் இது அதிகம். பிற்பாடு இதயம் விரிந்து தளர்வதற்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதல் வாரத்தில் எடுக்கும் படத்துக்கு ஒரு குறை உண்டு. செத்த தசையைச் சுற்றி நீர்க்கோப்பு இருப்பதால் வெளுப்பு உண்மையான சாவைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியலாம். ஓரிரு மாதத்தில் தழும்பு சுருங்கும். அவசரம் இல்லாத முடிவுக்குப் பொறுத்து எடுப்பதே சரி.

பழைய மாரடைப்பு வேறு தடயங்களை விட்டுச் செல்லும். சுவர் மெலிந்திருக்கும். மெலிந்த சுவருக்குள் மெல்லிய கறுப்புக் கோடாகக் கொழுப்பு படிந்திருக்கும். அதன் எண் பூச்சியத்துக்குக் கீழே போய்விடுவதால் அயடீன் ஏற்றாத படத்திலும் தெரியும். இருமலுக்கோ விபத்துக்கோ மார்பு சீ.டி. எடுத்தவரின் இதயத்தில் இந்தக் கோட்டைக் கண்டு, 'உங்களுக்கு முன்பு எப்போதாவது நெஞ்சுவலி வந்ததா' என்று கேட்க வேண்டி வருவதுண்டு. நீரிழிவு நோயாளிகளில் மாரடைப்பு வலியே இல்லாமல் வந்து போயிருக்கலாம். ஆனால் மெலிந்ததெல்லாம் செத்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2013-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வொன்றில், மெலிந்த சுவர் உடையவர்களில் 18 சதவீதத்தினருக்கு அந்த இடத்தில் தழும்பு கொஞ்சமாகவே இருந்தது. அவர்களில் இரத்தம் திரும்பியபின் சுவர் மீண்டும் தடித்தது.

தசை அசையாத இடத்தில் இரத்தம் தேங்கி உறையும். இடது கீழறையின் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டி எக்கோவில் சில நேரம் தப்பிவிடும். அயடீன் ஏறாத கறுப்புப் பொதியாகச் சீ.டி.யில் நிற்கும். அது கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்டால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உடனே தொடங்கும். சுவர் புடைத்துக் குடுவைபோல் ஆகியிருப்பதையும் அதே படத்தில் அளக்கலாம்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. அருகிலுள்ள முதுகெலும்பும் அயடீன் நிறைந்த பெருநாடியும் எக்ஸ்ரேயைக் கடினப்படுத்துவதால், இதயத்தின் பின்சுவர் அடிப்பகுதி முதல் படத்தில் போலியாகக் கறுக்கும். துடிப்பு தவறிய ஒரு கணத்தில் எடுத்த துண்டம் சுவரையே இரட்டிப்பாக்கும். முனை இயல்பாகவே மெலிதானது. இவற்றைத் தவிர்க்க அனுபவசாலிகள் செய்வது ஒன்றுதான்: ஒரே இடத்தை இதயத்துடிப்பின் வேறு வேறு கட்டங்களில் பார்ப்பது. உண்மையான குறை எல்லாக் கட்டத்திலும் நிற்கும். போலி இடம் மாறும் அல்லது மறைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தழும்பைப் பார்ப்பதில் எம்.ஆர்.ஐ. தான் மூத்தது, படத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் நோயாளி முக்கால் மணி நேரம் குழாய்க்குள் படுத்து, திரும்பத் திரும்ப மூச்சைப் பிடிக்க வேண்டும். படுத்தால் மூச்சு வாங்கும் இதயநோயாளிக்கு அது பெரும்பாடு. சில பழைய பேஸ்மேக்கர்கள் உள்ளவர்களை உள்ளே அனுப்ப முடியாது. அனுப்பினாலும் கருவியின் உலோகம் படத்தைக் கெடுக்கும். இதய எம்.ஆர்.ஐ. வாசிக்கத் தெரிந்தவர்களும் பெரிய நகரங்களில்தான். சீ.டி. இயந்திரம் அதைவிடப் பரவலாக இருக்கிறது, படம் சில விநாடியில் முடிகிறது, நாடியையும் தசையையும் ஒரே வருகையில் பார்த்துவிடலாம். தூரத்திலிருந்து பஸ் மாறி வருகிறவருக்கு 'ஒரே வருகை' என்பது சின்ன அனுகூலமல்ல.

படத்தில் வேறுபாடு குறைவாகத் தெரிவதே சீ.டி.யின் பலவீனம். அதைச் சரிக்கட்டப் புதிய வழிகள் வந்திருக்கின்றன. இரண்டு ஆற்றல் கதிர்களில் எடுத்து அயடீனை மட்டும் பிரித்து வரைபடமாக்குவது ஒன்று. 2021-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் இயந்திரம் ஒவ்வொரு கதிர்த்துகளின் ஆற்றலையும் அளந்து இரைச்சலைக் குறைக்கிறது. அயடீன் ஏற்றும் முன்னும் பின்னும் தசையின் எண்ணையும் இரத்தத்தின் எண்ணையும் எடுத்து, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், கலத்துக்கு வெளியே உள்ள இடத்தின் விகிதம் கிடைக்கும். நல்ல தசையில் கால் பங்கை ஒட்டி இருக்கும் இது தழும்பில் பாதியையும் தாண்டலாம். கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிந்தது இங்கே எண்ணாகிவிடுகிறது.

விலையாகக் கொடுப்பது கதிர்வீச்சும் அயடீனும். தற்கால இயந்திரத்தில் நாடிப் படத்துக்குச் சில மில்லிசீவர்ட் ஆகும். தாமதப் படம் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டும். உலகில் ஒருவர் சராசரியாக ஓராண்டில் இயற்கையிலிருந்து வாங்கும் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட் என்பதை வைத்துப் பார்த்தால், மாரடைப்பு வந்த 60 வயதுக்காரரிடம் இது தடையாகாது. ரிவர்ஸ்டன் வட்டாரத்தில் உண்மையான கவலை சிறுநீரகம். கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கினால் லக்கலை, அப்பால் வில்கமுவ. வில்கமுவ, இலங்கையின் உலர் வலயத்தில் விவசாயிகளை வாட்டும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பிரதேசங்களில் ஒன்று. அந்தப் பக்கமிருந்து வரும் மாரடைப்பு நோயாளிக்கு ஆஞ்சியோவில் ஒருமுறை அயடீன் போயிருக்கும், உடனே சீ.டி.க்கு இன்னொருமுறை என்றால் நலிந்த சிறுநீரகம் தாங்காமல் போகலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் மேசையில் ஏற்றக் கூடாது. இரண்டுக்கும் இடையில் நாட்கள் விட வேண்டும், உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் வெகுவாக நலிந்தவர் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடித்தால் அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மீண்டும் பார்த்துத் தொடங்குவது வழக்கம்.

விடை கிடைத்தபின் என்ன செய்வது என்பதில் வைத்திய உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. உயிருள்ள தசைக்கு இரத்தம் கொடுத்தால் நோயாளி நன்றாவார் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. 2022-இல் பிரிட்டனில் 700 பேரிடம் நடந்த ரிவைவ்ட் ஆய்வு அதைக் குலைத்தது. இதயம் வெகுவாகத் தளர்ந்தும் தசையில் உயிர் இருப்பதாகக் கண்ட அந்த நோயாளிகளில், நல்ல மருந்தோடு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் இறப்பிலோ இதயத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ வித்தியாசம் காணப்படவில்லை. பைபாஸ் சத்திரசிகிச்சையின் கதை வேறு. பத்தாண்டுப் பின்தொடர்வில் அது உயிர் காத்தது என்று 2016-இல் ஸ்டிச் ஆய்வின் நீட்சி காட்டியது. ஆகவே படத்தில் 'உயிர் உண்டு' என்று வந்தவுடன் ஸ்டென்டுக்கு நாள் குறிப்பது அவசரம். தழும்பு எங்கே, எவ்வளவு என்று தெரிவதால் நிச்சயமாக உதவும் இடங்கள் வேறு. பல நாடிகள் கெட்டவருக்குப் பைபாஸில் எந்த நாடியை எங்கே பொருத்தினால் பயன் என்பது ஒன்று. ஆபத்தான வேகத்துடிப்பு தழும்பின் ஓரங்களிலிருந்து கிளம்பும்போது, அதைச் சுட்டு அணைக்கப் போகிறவருக்கு மெலிந்த சுவரின் வரைபடம் கையில் இருப்பது இன்னொன்று. பிரான்ஸில் போர்தோ நகரத்துக் குழு இதைச் சீ.டி. கொண்டு விரிவாகச் செய்திருக்கிறது. இதயத்தின் தள்ளும் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே நிற்பவருக்கு உள்ளே பதிக்கும் அதிர்ச்சிக் கருவி வேண்டுமா என்பதை மாரடைப்புக்குக் குறைந்தது 40 நாள் கழித்துத்தான் முடிவு செய்வார்கள். எக்கோ தெளிவில்லாதபோது அந்த எண்ணையும் சீ.டி. தரும்.

எல்லோருக்கும் இந்தப் படம் வேண்டியதில்லை. நேரத்தோடு நாடி திறந்து, எக்கோவில் சுவர் நன்றாக அசையும் நோயாளிக்கு அது வீண் செலவும் வீண் அயடீனும். வேண்டியவர் யார் என்றால், எக்கோ தெளிவாகத் தெரியாதவர், எம்.ஆர்.ஐ.க்குள் போக முடியாதவர், நாடியில் அடைப்பில்லாமலே தசை அடிபட்டவர், பைபாஸா மருந்தா என்ற முடிவு தசையைப் பொறுத்து நிற்பவர். மலைக்கு அப்பாலிருந்து இப்படி ஒருவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும்போது, கூடவே ஆஞ்சியோ பதிவான குறுந்தட்டு, கடைசிக் கிரியேட்டினின் அறிக்கை, குடிக்கும் மாத்திரைகளின் சீட்டு, கருவி பதித்திருந்தால் அதன் அட்டை, அயடீன் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டால், ரத்தோட்டை வரை இறங்கிய பிறகு மறந்ததை எடுக்க மறுபடி கணவாய் ஏற வேண்டியிருக்காது.